கிராண்ட்மாஸ்டர் பட்டமும் நம்மவர்களும்: ஒரு வரலாற்றுப் பார்வை

2024 டிசம்பர் 12-ஆம் தேதி சிங்கப்பூரில், சென்னைப் பையன் குகேஷ் சீனாவின் டிங் லிரனை 7.5 - 6.5 என்ற கணக்கில் வென்று உலக சாம்பியன் ஆனார். அப்போது அவருக்கு வயது 18. அன்றிலிருந்து நம் சங்கத்துக்கு வருகிற பெற்றோர் யாரும் என்னிடம் லுங்கி விலை, துண்டு விலை கேட்பதில்லை. "நயினார், பையனைச் செஸ்ஸிலே போடலாமா? கிராண்ட்மாஸ்டர் ஆக எத்தனை வருஷம் ஆகும்? அது சோறு போடுமா?" என்றுதான் கேட்கிறார்கள். ஒரு தகப்பனார் ஒரு படி மேலே போய், ஐந்தாம் வகுப்புப் படிக்கிற மகனைப் பள்ளியிலிருந்து நிறுத்திவிடலாம் என்று இருக்கிறேன் என்றார். என் மகள் வயிற்றுப் பேரனுக்குப் பத்து வயது. அவனும் ஆடுகிறான். ஆகவே இது எனக்கும் சும்மா கேட்டுவிட்டுப் போகிற கேள்வி இல்லை.

நான் பெரிய ஆட்டக்காரன் அல்லன். வந்தவாசிப் பக்கத்துக் கிராமத்திலிருந்து பிழைக்க வந்து, கல்கத்தா படாபஜாரில் நாற்பது வருஷத்துக்கு மேலாக ஜவுளி விற்கிறவன். எங்கள் வீட்டில் இருட்டுவதற்கு முன்பே சாப்பாடு முடிந்துவிடும். அதற்கப்புறம் நீண்டு கிடக்கிற இரவில் பழைய புத்தகங்களைப் புரட்டுவது என் வழக்கம். அப்படிப் படித்துச் சேர்த்ததை வைத்து, இந்தப் பட்டம் எப்படி வந்தது, நம் நாட்டில் யாருக்குக் கிடைத்தது, யாருக்குக் கிடைக்காமல் போனது என்பதை இங்கே எழுதுகிறேன். பெற்றோர் கேட்கிற கேள்விக்கு விடை அந்தச் சரித்திரத்துக்குள்ளேயே இருக்கிறது என்பது என் எண்ணம்.

பட்டம் பிறந்த கதை

சதுரங்கம் என்றால் நான்கு அங்கம். யானை, குதிரை, தேர், காலாள் என்ற நாற்படைதான் பலகையில் நிற்கிறது. நம் நாட்டில் பிறந்த ஆட்டம் பாரசீகம் போய்ச் 'சத்ரங்' ஆயிற்று. அரபு நாட்டில் 'ஷத்ரஞ்ச்' ஆயிற்று. ராஜாவைக் குறிக்கும் 'ஷா' என்ற பாரசீகச் சொல்லின் வழியாக ஐரோப்பாவில் 'செஸ்' என்று பெயர் பெற்றது. நாம் குடியிருக்கும் வங்காளத்தில் இதற்குத் 'தாபா' என்று பெயர். நாம் யானை என்கிற மூலைக் காயை இவர்கள் 'நௌகா', அதாவது படகு என்கிறார்கள். ஆற்று நாடு அல்லவா! பிஷப்பைத்தான் இங்கே 'கஜம்' என்பார்கள். பிள்ளைகள் பள்ளியில் ஒரு பெயரும் வீட்டில் ஒரு பெயருமாகச் சொல்லிக் குழம்புவதைப் பார்த்திருப்பீர்கள்.

ஆட்டக்காரர்களைத் தரம் பிரிக்கிற வழக்கம் புதியதல்ல. ஒன்பதாம் நூற்றாண்டில் பாக்தாத் கலீபாக்களின் அவையில் ஆடிய அல்-அத்லி என்பவர் சதுரங்கத்தைப் பற்றி நூல் எழுதியவர். ஆட்டக்காரர்களை அவர் வகுப்பு வகுப்பாகப் பிரித்தார். மேல் வகுப்புக்கு 'ஆலியாத்' என்று பெயர். ஒரு காலத்தில் மிகச் சிலரே அதில் இருக்க முடியும். இன்றைய கிராண்ட்மாஸ்டருக்கு இவர்களைத்தான் பாட்டனார் என்று சொல்லவேண்டும்.

'கிராண்ட்மாஸ்டர்' என்ற சொல்லைப் பற்றி ஒரு கதை உண்டு. 1914-ல் ருஷ்யாவின் செயின்ட் பீட்டர்ஸ்பர்க் நகரில் நடந்த போட்டியில் இறுதிச் சுற்றுக்கு வந்த லாஸ்கர், கேபபிளாங்கா, அலெகைன், தாராஷ், மார்ஷல் ஆகிய ஐந்து பேருக்கும் ஜார் மன்னர் இந்தப் பட்டத்தைக் கொடுத்தார் என்பது கதை. பின்னாளில் மார்ஷலின் நூலில் வந்த செய்தி இது. அந்தக் காலத்துச் சான்று ஒன்றும் இதற்குக் கிடைக்கவில்லை என்று ஆராய்ச்சிக்காரர்கள் சொல்கிறார்கள். கதை அழகாக இருக்கிறதே என்று நாம் உண்மையாக்கிவிடக் கூடாது.

உறுதியான சரித்திரம் இதுதான். 'ஃபிடே' என்கிற உலக சதுரங்கக் கூட்டமைப்பு 1924-ல் பாரிஸ் நகரில் தோன்றியது. 1950-ல் அது கிராண்ட்மாஸ்டர் பட்டத்தை முறைப்படி ஏற்படுத்தி, முதல் பட்டியலில் 27 பேருக்கு வழங்கியது. அதில் போட்வின்னிக், ஸ்மிஸ்லோவ், கேரஸ் போன்று அப்போது ஆடிக்கொண்டிருந்தவர்களும் இருந்தார்கள். 1865-ல் பிறந்த மீசஸ், ஆட்டத்தை எப்போதோ விட்டுவிட்ட ரூபின்ஸ்டைன் போன்ற பழையவர்களும் இருந்தார்கள். அதாவது, முன்னே செய்த சாதனையையும் கணக்கில் எடுத்துக்கொண்டார்கள். இதை மனதில் வையுங்கள், பின்னால் வேண்டியிருக்கும்.

பிற்காலத்தில் பட்டத்துக்குக் கணக்கு வந்தது. அமெரிக்காவில் வாழ்ந்த ஆர்பாட் ஈலோ என்ற பேராசிரியர் வகுத்த புள்ளி முறையை ஃபிடே 1970-ல் ஏற்றுக்கொண்டது. இன்று கிராண்ட்மாஸ்டர் ஆக, சாதாரணமாக இரண்டு காரியம் ஆகவேண்டும். ஒன்று, ரேட்டிங் ஒரு தடவையாவது 2500-ஐத் தொடவேண்டும். இரண்டு, 'நார்ம்' எனப்படும் தகுதியை, மொத்தம் 27 ஆட்டங்களுக்குக் குறையாமல், வழக்கமாக மூன்று போட்டிகளில் பெறவேண்டும். ஒவ்வொரு போட்டியிலும் 2600 ரேட்டிங் உள்ளவர் ஆடுவதுபோல் ஆடிக் காட்டணும். பட்டம் வந்துவிட்டால் ஆயுளுக்கும் நிற்கும்.

நார்ம் விதியில் இன்னொரு சங்கதியும் உண்டு. எதிரே உட்காருகிறவர்களில் மூன்றில் ஒரு பங்காவது, குறைந்தது மூன்று பேராவது, ஏற்கெனவே கிராண்ட்மாஸ்டர்களாக இருக்கவேண்டும். எல்லாரும் ஒரே நாட்டுக்காரர்களாகவும் இருக்கக்கூடாது. இதை ஒரு வியாபாரியின் கண்ணால் பாருங்கள். நம் சரக்கு எவ்வளவு உசத்தி என்றாலும், அதை எடை போடத் தராசுக்காரன் எதிரே இருக்கவேண்டும். கிராண்ட்மாஸ்டர்கள் வந்து உட்காருகிற மேஜை இல்லாத ஊரில் எவ்வளவு பெரிய மூளை பிறந்தாலும் பட்டம் பிறக்காது. நம் நாட்டுச் சதுரங்கச் சரித்திரம் முழுக்க இந்த ஒரு வரியில் அடங்கிவிடுகிறது.

கல்கத்தாவின் மகேஷ் சந்திரர்

முதல் சாட்சி நம் ஊர்க்காரரே. 1848 வாக்கில் கல்கத்தாவில் ஜான் காக்ரேன் என்ற ஸ்காட்லாந்து வக்கீல் இருந்தார். ஆட்டத்தில் அவரை ஜெயிக்க இங்கே வெள்ளைக்காரர் யாரும் இல்லை. பட்டிக்காட்டில் தோல்வியே அறியாத பிராமணர் ஒருவர் இருக்கிறார் என்று கேள்விப்பட்டுத் தேடிப் பிடித்தார்கள். அவர்தான் மகேஷ் சந்திர பானர்ஜி. அப்புறம் பல வருஷம் இருவரும் நூற்றுக்கணக்கான ஆட்டங்கள் ஆடினார்கள்.

நம் நாட்டுப் பழைய முறையில் சிப்பாய் முதல் நடையிலும் ஒரு கட்டம்தான் போகும். அதில் பழகிய மகேஷ் சந்திரர், மேல்நாட்டு விதியில் ஆடும்போதும் சிப்பாயை நடுவில் தள்ளாமல், ஓரத்தில் ஒரு கட்டம் நகர்த்தி, பிஷப்பை மூலையில் பதுக்கி வைத்தார். இன்று உலகம் முழுக்க 'இந்தியன் டிபென்ஸ்' என்று வழங்குகிற தற்காப்பு வகைகளுக்கு அந்தப் பெயர் வர இவருடைய ஆட்டங்களே காரணம் என்கிறார்கள். 1855-ல் அவர் காக்ரேனோடு ஆடிய ஒரு ஆட்டத்தில் இருக்கும் தொடக்கத்தைத்தான், 1922-ல் ஆஸ்திரியாவின் எர்ன்ஸ்ட் குருன்பெல்ட் பெரிய போட்டிகளுக்குக் கொண்டுவந்தார். அது இன்றும் குருன்பெல்ட் டிபென்ஸ் என்றே அழைக்கப்படுகிறது. அந்த குருன்பெல்ட் 1950-ன் 27 பேரில் ஒருவர்.

யார் மேலும் குறை சொல்ல இதை நான் எழுதவில்லை. குருன்பெல்ட் தம் காலத்துப் பெரிய ஆட்டக்காரர்களோடு மோதிப் பெயர் வாங்கினார். நம்மவருக்குக் கிடைத்த எதிராளி ஒரே ஒரு காக்ரேன்தான். அவர் இருந்ததால்தான் அந்த ஆட்டங்களாவது ஏட்டில் ஏறின. காக்ரேன் வருமுன் மகேஷ் சந்திரர் ஆடிய ஆட்டங்கள் திண்ணையோடு போயின.

சுல்தான் கான்: 58 வருஷம் தாமதமான மரியாதை

இரண்டாவது சாட்சி பஞ்சாபில், இன்றைய பாகிஸ்தானில் இருக்கும் மிட்டா திவானா ஊர்க்காரரான மீர் சுல்தான் கான். சர் உமர் ஹயாத் கான் என்ற பெரிய ஜமீன்தாரின் ஆதரவில் இருந்தவர். 1928-ல் அகில இந்தியப் போட்டியில் வென்றார். 1929-ல் ஜமீன்தாரோடு லண்டன் போனார். மேல்நாட்டு விதிகளை அப்போதுதான் நன்றாகப் பழகினார். அதே வருஷம் பிரிட்டிஷ் சாம்பியன் ஆனார்! 1932, 1933-லும் அவரே. 1930-31 ஹேஸ்டிங்ஸ் போட்டியில், முன்னாள் உலக சாம்பியன் கேபபிளாங்காவையே வென்றார். 1930 ஹாம்பர்க், 1931 பிராக், 1933 போக்ஸ்டன் ஒலிம்பியாட் மூன்றிலும் இங்கிலாந்து அணிக்கு முதல் பலகையில் ஆடினார். நம் நாட்டை ஆண்டவன் தன் அணியின் தலைமேஜையில் நம்மவரை உட்கார வைத்தான் என்றால் அந்தத் திறமை எப்படி இருந்திருக்கும்! அதே ஜமீன்தார் வீட்டிலிருந்து போன பாத்திமா என்ற பெண் 1933-ல் பிரிட்டிஷ் மகளிர் பட்டத்தை வென்றார் என்பதையும் சேர்த்துச் சொல்லணும்.

1933 கடைசியில் ஜமீன்தார் ஊர் திரும்பினார். சுல்தான் கானும் திரும்பினார். 1935-ல் காடில்கர் என்பவரோடு பத்து ஆட்டம் ஆடி ஒன்பதரைப் புள்ளி எடுத்தார். அதற்குமேல் பெரிய போட்டி எதிலும் அவர் பெயர் இல்லை. ஊரில் நிலத்தைப் பார்த்துக்கொண்டு இருந்தார். அவரை வேலைக்காரர் என்று ஆங்கிலப் பத்திரிகைகள் எழுதின. அவருடைய குடும்பத்தார் அதை மறுக்கிறார்கள். அது எப்படியாயினும், ஆட்டம் நின்றதற்குக் காரணம் வெளிப்படை. அவருக்கு எதிரே உட்காரத் தகுந்தவர்கள் எல்லாரும் கடலுக்கு அந்தப் பக்கம் இருந்தார்கள். கப்பல் டிக்கெட் ஜமீன்தார் கையில் இருந்தது.

1950-ல் 27 பேர் பட்டியல் வந்தபோது சுல்தான் கான் உயிரோடு இருந்தார். பழைய சாதனைக்காகப் பலருக்குக் கொடுத்தார்கள் என்று மேலே சொன்னேனே, அவர்களில் இவர் இல்லை. 1966 ஏப்ரலில் சர்கோதாவில் காலமானார். 2024 பிப்ரவரியில்தான் ஃபிடே தலைவர் பாகிஸ்தான் சென்று, சுல்தான் கானுக்குக் கௌரவ கிராண்ட்மாஸ்டர் பட்டத்தை அந்நாட்டுப் பிரதமரிடம் ஒப்படைத்தார். மறைந்து ஏறக்குறைய 58 வருஷம் ஆகியிருந்தது. பாகிஸ்தானின் முதல் கிராண்ட்மாஸ்டர் அவர்தான்.

மேஜை போட்ட மானுவல் ஆரோன்

மூன்றாவது சாட்சியைப் பற்றி எழுதும்போது எனக்குத் தனி மகிழ்ச்சி. ஏனென்றால் அவரும் நம்மைப் போலப் புலம்பெயர்ந்த குடும்பத்துப் பிள்ளை. 1935-ல் பர்மாவின் டவுங்கூ நகரில் பிறந்தவர் மானுவல் ஆரோன். பள்ளிப் படிப்பு தமிழ்நாட்டில்; பி.எஸ்ஸி. அலகாபாத்தில்.

அகில இந்திய சதுரங்கக் கூட்டமைப்பு தொடங்கியது 1951-ல். முதல் தேசியப் போட்டி 1955-ல் ஏலூரில் நடந்தது. ஆரோன் 1959-லிருந்து 1981 வரை ஒன்பது முறை தேசிய சாம்பியன். 1960 லைப்ஸிக் ஒலிம்பியாடில், முன்னாள் உலக சாம்பியன் யூவேயை வென்றார். 1961-ல் மங்கோலியரையும் ஆஸ்திரேலியரையும் மண்டலப் போட்டிகளில் வென்று 'இன்டர்நேஷனல் மாஸ்டர்' ஆனார். கிராண்ட்மாஸ்டருக்கு ஒரு படி கீழே உள்ள பட்டம் இது. இந்தியாவில் அதைப் பெற்ற முதல் ஆள் அவர்தான். செஸ்ஸுக்காக அர்ஜுனா விருது பெற்றதிலும் அவரே முதல்வர்.

1962-ல் ஸ்டாக்ஹோமில் நடந்த உலகத் தகுதிச் சுற்றில் 23 பேரில் அவர் கடைசி இடம். ஆனால் அதே போட்டியில் போர்ட்டிஷ், ஊல்மன் என்ற இரண்டு கிராண்ட்மாஸ்டர்களைத் தோற்கடித்தார். இதை எப்படிப் புரிந்துகொள்வது? கடைசி இடம் வருகிறவன் இப்படிப்பட்ட இரண்டு பேரை எப்படி ஜெயிப்பான்? எனக்குத் தோன்றுவது இதுதான். திறமை இருந்தது, தினமும் அந்தத் தரத்து ஆட்களோடு ஆடிப் பழக்கம் இல்லை. அப்போது இந்தியாவில் பல ஊர்களில் பழைய நாட்டு விதிகளிலேயே ஆடிக்கொண்டிருந்தார்கள். சிப்பாய்க்கு ஒரு நடை, ராஜா ஒரு தடவை குதிரை மாதிரித் தாவலாம் என்றெல்லாம் ஊருக்கு ஒரு சட்டம். சர்வதேச விதியை நம்மவர்களிடம் வேரூன்றச் செய்தவர்களில் ஆரோன் முதன்மையானவர்.

அவருக்குக் கிராண்ட்மாஸ்டர் பட்டம் கிடைக்கவேயில்லை. இந்தியாவின் இரண்டாவது இன்டர்நேஷனல் மாஸ்டர், தமிழ்நாட்டு வி. ரவிகுமார், வந்ததே 1978-ல். நடுவில் 17 வருஷம். ஆனால் அந்த 17 வருஷத்தில் ஆரோன் செய்த ஒரு காரியத்தைத்தான் நான் அவருடைய ஆட்டங்கள் எல்லாவற்றையும் விடப் பெரிதாக நினைக்கிறேன். 1972-ல் சென்னையில் சோவியத் கலாசார மையத்தில், மிகையில் தால் என்ற உலக சாம்பியன் பெயரில் தால் செஸ் கிளப் தொடங்கியது. அதை முன்னின்று நடத்தியவர் ஆரோன். பலகை இருந்தது, ருஷ்யப் புத்தகம் இருந்தது, எல்லாவற்றுக்கும் மேலாக எதிரே உட்கார ஆள் இருந்தது. நம் கல்கத்தாவிலும் கோர்க்கி சதனில் அலெகைன் செஸ் கிளப் இதே மாதிரி நடந்தது. இன்று நாம் எண்ணிப் பெருமைப்படுகிற பெயர்களின் நாற்றங்கால் இப்படிப்பட்ட கூடங்கள்தான்.

மயிலாடுதுறை, மணிலா, கோயம்புத்தூர்

விசுவநாதன் ஆனந்த் 1969 டிசம்பர் 11-ல் மயிலாடுதுறையில் பிறந்தார். அப்பா ரயில்வே அதிகாரி. ஆட்டம் கற்றுக்கொடுத்தது அம்மா சுசீலா. அவர்தான் பையனைத் தால் கிளப்புக்கும் கூட்டிப் போனார்.

1978-ல் அப்பாவுக்குப் பிலிப்பைன்ஸ் ரயில்வேயில் வேலை. குடும்பம் மணிலா போயிற்று. மாற்றல் என்றதும் நம் பெண்கள் எப்படிக் கவலைப்படுவார்கள், பிள்ளை படிப்பு என்ன ஆகும் என்று எப்படிப் புலம்புவோம் என்பது நமக்கெல்லாம் தெரியும். ஆனந்துக்கோ அந்த மாற்றல் யோகமாக வாய்த்தது. ஏன் தெரியுமா? ஆசியாவின் முதல் கிராண்ட்மாஸ்டர் பிலிப்பைன்ஸின் யூஜினியோ டோரே, 1974-ல் பட்டம் பெற்றவர். 1978-ல் கார்போவ் - கோர்ச்னாய் உலகப் போட்டி நடந்ததே அந்நாட்டின் பாகியோ நகரில்தான். ஊரே செஸ் பேசிற்று. தொலைக்காட்சியில் பகலில் செஸ் நிகழ்ச்சி. பையன் பள்ளியில் இருக்கும்போது அம்மா அதைப் பார்த்து எழுதிவைப்பார். சாயங்காலம் இருவரும் புதிருக்கு விடை கண்டு அனுப்புவார்கள். பரிசு ஒரு புத்தகம். கடைசியில் நிலையத்தார், வேண்டிய புத்தகத்தை எல்லாம் எடுத்துக்கொள், இனிமேல் விடை அனுப்பாதே என்று சொல்லிவிட்டார்களாம். ஆனந்தே பல பேட்டிகளில் சொன்ன கதை இது.

திரும்பி வந்ததும் மறுபடி தால் கிளப். 1983-ல் தேசிய சப்-ஜூனியர் போட்டியில் ஒன்பதுக்கு ஒன்பது. 15 வயதில் இன்டர்நேஷனல் மாஸ்டர். 16 வயதில் தேசிய சாம்பியன். 1987-ல் உலக ஜூனியர் சாம்பியன். அதுவும் அதே பாகியோ நகரில். 1988-ல் கோயம்புத்தூரில் நடந்த சக்தி பைனான்ஸ் சர்வதேசப் போட்டியில் வென்று, இந்தியாவின் முதல் கிராண்ட்மாஸ்டர் ஆனார்.

கோயம்புத்தூர் என்பதை அடிக்கோடிட்டுப் படியுங்கள். சுல்தான் கான் கடல் கடந்து போய்த் தேடிய மேஜை, 1988-ல் நொய்யல் கரைக்கே வந்துவிட்டது. போட்டிக்குப் பணம் போட்டவர் ஒரு உள்ளூர்க் கம்பெனி. ஆரோனின் பட்டத்துக்கும் ஆனந்தின் பட்டத்துக்கும் நடுவே 27 வருஷம். அந்த 27 வருஷத்தை வீண் என்று நான் எழுதமாட்டேன். விதை முளைக்க எடுத்துக்கொண்ட காலம் அது. 2000-ல் ஃபிடே உலகப் பட்டம், பிறகு 2007, 2008, 2010, 2012 என்று ஆனந்த் வென்றதும், 2013-ல் சென்னையில் கார்ல்சனிடம் பட்டத்தை இழந்ததும் உங்களுக்கே தெரியும்; விரிக்கவில்லை.

ஒன்று, மூன்று, எண்பத்தைந்து

இரண்டாவது கிராண்ட்மாஸ்டர் நம் கல்கத்தாவின் திப்யேந்து பருவா. 1982-ல், உலகத்தில் இரண்டாம் இடத்தில் இருந்த கோர்ச்னாயை லண்டனில் தோற்கடித்தபோது அவருக்கு வயது 15. நான் இந்த ஊருக்கு வந்த புதிது. டீக்கடையில் கால்பந்து பேசுகிற வங்காளிகள் இரண்டு நாளைக்குத் தாபா பேசினார்கள். அப்படிப்பட்ட பையனுக்கும் பட்டம் வந்தது 1991-ல்தான். திறமைக்கும் பட்டத்துக்கும் நடுவே ஒன்பது வருஷம். மூன்றாமவர் மும்பையின் பிரவீண் திப்சே, 1997.

கணக்கைப் பாருங்கள். 1988-லிருந்து 1997 வரை மூன்றே பேர். 2000-ல் அபிஜித் குண்டே, நம் சசிகிரண்; 2001-ல் ஹரிகிருஷ்ணா; 2002-ல் 15 வயதில் கோனேரு ஹம்பி, பெண்களில் நம் நாட்டின் முதல் கிராண்ட்மாஸ்டர். 2024 மே மாதம் 85-ஆவது ஆள் வந்துவிட்டார். 2025 ஜூலையில் நாக்பூரின் திவ்யா தேஷ்முக் மகளிர் உலகக் கோப்பையை வென்று 88-ஆவது கிராண்ட்மாஸ்டர் ஆனார். முதல் மூன்று பேருக்கு ஒன்பது வருஷம் பிடித்தது. அடுத்த எண்பத்தைந்து பேருக்கு 28 வருஷம்தான். இது வட்டிக்கு வட்டி ஏறுகிற கணக்கு. ஒரு கிராண்ட்மாஸ்டர் உண்டானால், அவர் எதிரே உட்கார்ந்து இன்னொருவர் உண்டாகிறார். கல்கத்தாவில் குட்ரிக் போட்டி, டெல்லி ஓபன், சென்னை ஓபன் என்று உள்நாட்டிலேயே மேஜைகள் பெருகின. எண்ணெய்க் கம்பெனிகளும் ரயில்வேயும் ஆட்டக்காரர்களுக்கு வேலை கொடுத்தன. கம்ப்யூட்டர் வந்தது. ஆடியவர்களே ஆசிரியர் ஆனார்கள். கிராண்ட்மாஸ்டர் ஆர்.பி. ரமேஷ் 2008-ல் சென்னையில் தொடங்கிய பயிற்சிக்கூடத்தில்தான் வைஷாலியும் பிரக்ஞானந்தாவும் வளர்ந்தார்கள்.

இந்த அக்கா தம்பி கதையை வீட்டுப் பெரியவர்கள் கவனிக்கணும். பெண் டிவி பார்ப்பதைக் குறைக்கத்தான் முதலில் செஸ் வகுப்பில் சேர்த்தார்கள். தம்பி அக்காவைப் பார்த்துக் கற்றுக்கொண்டான். அப்பா வங்கியில் வேலை. அம்மா நாகலட்சுமி ரைஸ் குக்கரைத் தூக்கிக்கொண்டு நாடு நாடாகப் போய், ரசமும் சாதமும் வடித்துப் போட்டார். பிரக்ஞானந்தா 2018-ல் கிராண்ட்மாஸ்டர். 2023 டிசம்பரில் வைஷாலி. உலகத்தில் அக்கா தம்பி இருவரும் கிராண்ட்மாஸ்டர் ஆனது அதுவே முதல் முறை. அந்தத் தம்பிக்கு எதிரே உட்கார முதல் ஆள் வீட்டுக்குள்ளேயே இருந்தாள்.

சோறு போடுமா?

இப்போது கேள்விக்கு வருவோம். உலகின் முதல் சாம்பியன் ஸ்டைனிட்ஸ் 1900-ல் நியூயார்க்கில் வறுமையில் இறந்தார். குகேஷ் உலகப் பட்டம் வென்றதும் தமிழ்நாடு அரசு மட்டுமே 5 கோடி ரூபாய் கொடுத்தது. இரண்டும் உண்மை. பெற்றோர் இரண்டாவதை மட்டும் பார்க்கிறார்கள்.

குகேஷ் நாலாம் வகுப்புக்கு மேல் முழு நேரப் பள்ளிக்குப் போகவில்லை என்பதை எல்லாரும் எடுத்துச் சொல்கிறார்கள். அதற்குப் பின்னால் இருப்பதையும் சொல்லவேண்டாமா? அப்பா காது மூக்கு தொண்டை டாக்டர். தொழிலை நிறுத்திவிட்டு மகனோடு போட்டி போட்டியாக அலைந்தார். அம்மா சம்பாத்தியத்தில் வீடு ஓடியது. நண்பர்கள் பணம் கொடுத்து உதவினார்கள். ஆதரவு கொடுக்கிற பள்ளி அமைந்தது. அதற்கெல்லாம் முன்னே, சென்னையில் ஐம்பது வருஷமாகப் போட்டு வைத்த மேஜைகள் இருந்தன. நாம் பையன் பள்ளியை விட்டதை மட்டும் காப்பியடித்தால், முதல் இல்லாமல் கடை திறந்த கதைதான்.

85-ஆவது கிராண்ட்மாஸ்டர் யார் என்று சொல்லாமல் விட்டேன். தமிழ்நாட்டு ஷியாம்நிகில். 2012-லேயே அவருக்கு 2500 ரேட்டிங்கும் இரண்டு நார்மும் வந்துவிட்டன. பாக்கி ஒன்றே ஒன்று. அந்த ஒன்றுக்காகப் பன்னிரண்டு வருஷம் காத்திருந்து, 2024 மே மாதம் துபாய் போட்டியில் முடித்தார். அப்போது வயது 31. பத்திரிகைகளில் பன்னிரண்டு வயதுப் பையன்கள் படம் பெரிதாக வருகிறது. எனக்கு இவர்மேல்தான் மதிப்பு அதிகம். பிள்ளையைச் செஸ்ஸில் விடுகிற எந்தத் தகப்பனும் குகேஷைப் பற்றிப் படிக்கிற அன்றே இவரைப் பற்றியும் படிக்கணும். மூன்றாவது நார்ம் வராமல் பன்னிரண்டு வருஷம் போனால் நம் பையன் என்ன செய்துகொண்டிருப்பான், கையில் படிப்பு இருக்குமா, மனசில் தெம்பு இருக்குமா என்று யோசிக்கணும்.

என்னிடம் கேட்ட அந்தத் தகப்பனாருக்கு நான் சொன்ன பதில் இது: "பள்ளியை நிறுத்தாதீங்க. செஸ்ஸையும் நிறுத்தாதீங்க. முதலில் அவனுக்கு எதிரே உட்கார நல்ல ஆள் தேடுங்க." அவருக்குத் திருப்தி இல்லை, முகத்தில் தெரிந்தது. ஆனால் 1848-லிருந்து இன்றுவரை உள்ள சாட்சிகளை வைத்துக்கொண்டு வேறு பதில் எனக்குச் சொல்லத் தெரியவில்லை. என் பேரன் விஷயத்திலும் அதையேதான் செய்கிறோம். அவன் அப்பாவுக்கு என் யோசனையில் அரை மனசுதான். பேச்சு இன்னும் முடியவில்லை.

நம் சங்கம் செய்யக்கூடியது

சென்னையில் இருக்கிற பிள்ளைக்குத் தெருவுக்கு ஒரு வகுப்பு உண்டு. வெளிமாநிலத்தில் நம் பிள்ளைகள் அடுக்குமாடி வீட்டில் கம்ப்யூட்டரோடு ஆடுகிறார்கள். கம்ப்யூட்டர் நல்ல ஆசிரியர்தான். தோற்றால் முகம் வாடாது, ஜெயித்தால் கை குலுக்காது. ஆனால் எதிரில் ஒரு மனிதன் பெருமூச்சு விடும்போது நம் பயத்தை மறைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்க அது கற்றுக்கொடுக்காது. போட்டியில் வேண்டியது அதுதான்.

ஆகவே செயற்குழுவுக்கு என் வேண்டுகோள். ஞாயிற்றுக்கிழமை தமிழ் வகுப்பு முடிந்ததும் நம் கூடம் சும்மாதான் பூட்டிக் கிடக்கிறது. அங்கே ஆறு பலகை போடலாம். இரண்டு கடிகாரம் வாங்கலாம். பலகைக்கும் கடிகாரத்துக்கும் ஆகும் செலவை நான் ஏற்றுக்கொள்கிறேன். நம் பிள்ளைகள் மட்டும் என்று வைக்காமல் அக்கம்பக்கத்து வங்காளிப் பிள்ளைகளையும், மார்வாடிப் பிள்ளைகளையும் கூப்பிடவேண்டும். பலம் வெளியிலிருந்து வருகிற எதிராளியால்தான் வரும் என்பதை மேலே பார்த்தோம். ஓய்வு பெற்ற பெரியவர்கள் வந்து உட்காரலாம். ஆடிய ஆட்டத்தை எழுதிவைக்க ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு நோட்டு. எழுதிவைத்ததால்தான் மகேஷ் சந்திரர் நமக்குக் கிடைத்தார்.

இதிலிருந்து ஒரு கிராண்ட்மாஸ்டர் வருவாரா என்று யாராவது கேட்டால், வராமலும் போகலாம் என்பதுதான் நேர்மையான பதில். ஆரோன் தால் கிளப்பில் பலகை போட்டபோது, அம்மா கையைப் பிடித்துக்கொண்டு எந்தப் பையன் வரப்போகிறான் என்று அவருக்குத் தெரியாது. வருகிற தை மாதம் முதல் ஞாயிறு நல்ல நாளாக இருக்கிறது. மாலை நான்கு மணிக்குத் தொடங்கலாம். பெரியவர்கள் ஆதரவு தரவேண்டுகிறேன்.